பளபளத்துப்போன அச்சுகள்

அந்தச் சனிக்கிழமை பெலிஸ்மினாவுக்கு எங்கள் கடையில் முதல் நாள். ஐம்பத்திரண்டு வயது. இருபத்தேழு வருஷம் ஷூ தொழிற்சாலையில் அடிப்பாகம் ஒட்டிக்கொண்டிருந்தவள். அதை மூடிவிட்டார்கள். ஏழு மாதம் அலைந்து திரிந்த பிறகு, கிமராயிஷ் ஊரில் எங்கள் பேஸ்ட்ரி கடையின் பின்கட்டில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. நான் முன்பக்கம் காபி போடுகிறவள்.

அன்று மதியம், அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் அதெரித்து தொப்பியைக் கழற்றிக்கொண்டே, "நாட்டா அச்சையெல்லாம் சுத்தம் பண்ணி வெச்சிடுங்கக்கா. நாளைக்குக் கூட்டம் பிச்சுக்கும்" என்றான். கால்பந்து பார்க்க ஓடிவிட்டான்.

முட்டைக் கஸ்டர்ட் ஊற்றி நாட்டா சுடுகிற சின்னத் தகரக் கிண்ணங்கள், மொத்தம் இருநூற்று நாற்பது. எல்லாமே கன்னங்கரேல் என்றிருந்தன. பெலிஸ்மினாவின் கண்ணை அது உறுத்தியது. கொதிநீரில் சோடா போட்டு ஊறவைத்தாள். கம்பி நாரை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தவள், நாலு மணி நேரம் நிமிரவில்லை. போகும்போது அவளுடைய விரல் நுனிகள் சிவந்திருந்தன, முகத்தில் சந்தோஷம்.

ஞாயிறு காலை அதெரித்துவின் அலறல் கேட்டு நான் பின்கட்டுக்கு ஓடினேன்.

"ஐயோ, யாரு இதைத் தேய்ச்சது?"

அச்சுகள் புது வெள்ளி போல மின்னின. முன்பிருந்த அந்தக் கறுப்பு, அழுக்கே அல்ல. வருஷக்கணக்கில் கொழுப்பு சுட்டுச் சுட்டுப் படிந்த பூச்சு. அது இருந்தால்தான் மாவு ஒட்டாது. துணியால் துடைத்து வைப்பதோடு சரி, யாரும் கழுவுவதில்லை.

வேறு அச்சு கிடையாது, அதிலேயே சுட்ட முதல் ஈடு வெளியே வந்தது. அச்சைத் தட்டினான், ஒன்றும் விழவில்லை. கத்தியால் நெம்பினால் பாதி அச்சோடு நின்றது. சர்ச்சில் பூசை முடிந்து சனம் வர ஒரு மணி நேரம்கூட இல்லை.

முதலாளி எர்மெலிண்டா அம்மா வந்து நின்றார். தொட்டியருகே நின்றிருந்த பெலிஸ்மினா ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தாள்.

"நான் கிளம்பறேம்மா. நேத்து சம்பளமும் வேண்டாம்."

அதெரித்து அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "தப்பு என்னோடதும்மா. சுத்தம் பண்ணுன்னுதான் சொன்னேன். கழுவக்கூடாதுன்னு சொல்லலை" என்றான்.

"ஏன், தொடைச்சு வைன்னு சொல்ல வாய் வலிச்சுதா?"

"மேட்ச் ஆரம்பிக்கிற நேரம்..."

"ஜெயிச்சீங்களா?"

"தோத்துட்டோம்."

"நல்லா வேணும். பன்னிக் கொழுப்பை எடு."

நால்வரும் உட்கார்ந்து விரலால் கொழுப்பைத் தடவினோம். காலி அச்சுகளை அடுப்பில் வைத்துப் புகையவிட்டோம். எடுத்து, மறுபடி தடவி, மறுபடி வைத்தோம். மூன்றாம் முறை அவை தேன் நிறத்துக்கு வந்தன. இதற்குள் கூட்டம் வந்துவிட்டது. உடைந்த நாட்டாவைக் காபிக் கோப்பைகளில் அள்ளிப் போட்டு, மேலே பட்டைத் தூள் தூவி, ஸ்பூனோடு நீட்டினேன். முணுமுணுத்தார்கள். மருந்துக்கடைக்காரர் மட்டும் இரண்டாவது கோப்பை கேட்டார்.

பதினொரு மணிக்கு அடுத்த ஈடு. அதெரித்து ஒரு அச்சைக் கவிழ்த்துத் தட்டினான். நாட்டா முழுசாகக் கையில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. நாற்பத்தெட்டில் மூன்றுதான் உடைந்தது.

"வந்துடுச்சுக்கா!" என்று கத்தினான்.

பெலிஸ்மினா மாவு மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரித்தாளா அழுதாளா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"திங்கக்கிழமை லீவு. செவ்வாய் ஏழு மணிக்கு வந்துடு" என்றார் எர்மெலிண்டா அம்மா. "பெரிய தட்டுங்க பத்து இருக்கு. அதுல இருக்கிறது நிஜ அழுக்கு. உன் கையால தேய்ச்சாத்தான் போகும்."

நான் ஒரு நாட்டாவை எடுத்துக் கொடுத்தேன். கொதிக்கக் கொதிக்க வாயில் போட்டுக்கொண்டு துடித்தாள்.

"ஊதித் தின்னக்கூடாதா?"

"காலைலேர்ந்து பட்டினிடி" என்றாள், வாய் நிறைய.