பின் போடல

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கூட்டியது கிடையாது, குறைத்தது கிடையாது. அந்தச் சிவப்பு வண்டி இன்றும் அதே வீட்டு வாசலில்தான் நிற்கிறது. நம்பாதவர்கள் போய்த் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

கணவரின் வலது கை மூடியே இருந்தது. டாக்டர் வந்து, பார்த்து, தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, ஈரத்துணியால் அவர் முகத்தையும் கழுத்தையும் துடைத்துவிட்டு, அந்தக் கையைத் துடைப்பதற்காக ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள் அவள். சுண்டுவிரல் சொன்ன பேச்சைக் கேட்டது. கட்டைவிரல்தான் உயிரோடிருந்தபோது அவர் பிடித்த அதே பிடிவாதம் பிடித்தது. உள்ளங்கை நடுவே ஒரு கொண்டை ஊசி.

முப்பத்தோரு வருடத்தில் அவள் தலையில் இருப்பது கூந்தலா குல்லாவா என்றுகூடக் கவனிக்காத மனிதர். போகிற நேரத்தில் அவளுடைய ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டா போனார்? யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். அவளுடைய அக்கா மட்டும் மூலையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். ஊசியைத் துணியில் துடைத்துக் காதுக்கு மேலே செருகிக்கொண்டாள்.

அவர் தீயணைப்பு வண்டி ஓட்டியவர். அந்த வேகத்தைப் பற்றி நிலையத்தில் இன்றும் சொல்வார்கள்: ஒருமுறை நெருப்புப் பிடிப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாராம், பிடிக்கும்வரை ஓரமாக நிறுத்திக் காத்திருந்தாராம். ஓய்வு பெற்றதும் அவர் வாங்கியது அந்தப் பழைய சிவப்புப் பந்தய ரகக் கார். காருக்கு வயது நாற்பத்திரண்டு. இரண்டு பேர் உட்காரலாம் என்று பெயர். ஒருவர் மூச்சை விடும்போது மற்றவர் இழுத்துக்கொள்ள வேண்டும். அதன் கியர் தண்டு, சட்டியில் விட்ட கரண்டி மாதிரி நாலாபக்கமும் ஆடும். மூன்றாவது போட்டால் ஒன்றாவது விழும். ஒன்றாவது போட்டால் ஒன்றும் விழாது. அவள் அந்த வண்டியில் இரண்டே தடவைதான் ஏறியிருக்கிறாள். இரண்டாம் தடவை பயத்தில் இறுகப் பிடித்திருந்த கதவுக் கைப்பிடி, இறங்கும்போது அவளோடு வீட்டுக்குள் வந்துவிட்டது.

அவளுடைய பயத்துக்குக் காரணம் வண்டி மட்டுமல்ல, அது நின்ற இடமும்தான். வீடு பள்ளத்தில், சாலை மேட்டில். சாலையிலிருந்து வீட்டின் முன்ஜன்னல் வரை நேர்ச்சரிவு. அந்தச் சரிவின் பாதியில், ஜன்னலைப் பார்த்தபடி, இரண்டு செங்கல்லையும் கைப்பிரேக்கையும் நம்பி நிற்கும் வண்டி. ஒவ்வொரு காலையிலும் திரையை விலக்கினால் முதலில் தெரிவது அதன் இரண்டு உருண்டை விளக்குகள். வீட்டுக்குள் புகுந்துகொள்ள நேரம் பார்ப்பது போல.

அன்று காலை ஏழு மணிக்கே அவர் கியரைப் பிரித்துப் போட்டு அடியில் படுத்துவிட்டார். ஆட்டத்துக்குக் காரணம் தேய்ந்துபோன ஒரு புஷ், தண்டைச் சுற்றிப் பிடிக்கும் சின்ன வளையம். அதை மாற்றிவிட்டால் கியர் வெண்ணெயாகப் போகும் என்று இருபது நாளாக அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்கு வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, மூடிய கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "பின் போடல" என்றார்.

அவள் பின்கதவு என்று நினைத்தாள். போய்த் தாழ்ப்பாள் போட்டாள். தாழ்ப்பாள் சற்று முரண்டு பிடித்தது. திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது.

அந்த இரண்டு நிமிடத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மதியத்துக்குள் முன்னறையில் பதினைந்து பேர் உட்கார்ந்துவிட்டார்கள். ஜன்னலை ஒட்டிக் கட்டிலில் அவர். மூன்று மணிக்கு அமரர் ஊர்தி வரும். அது வாசல்வரை இறங்க வேண்டுமானால் சிவப்பு வண்டி சாலைக்கு ஏற வேண்டும். அந்தப் பொறுப்பு அவருடைய தம்பிக்கு வந்தது. குளிர்பெட்டி ரிப்பேர் செய்பவன். அதனால் வீட்டில் எல்லோரும் அவனைக் கூப்பிடுவது ஐஸ் என்று. அவள் கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடப் பை தூக்கியவன்.

அவன் சமையலறைக்கு வந்து சாவியைக் கேட்டான். எடுத்துக் கொடுத்தாள். தண்டு மேலே நிற்கிறது, மற்றதெல்லாம் மாட்டியிருப்பது போலத்தான் தெரிகிறது என்றான். வாசலிலேயே நின்றான்.

"அண்ணி, அண்ணன் கடைசியா ஏதாவது சொன்னாரா?"

அவள் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்தபடி சொன்னாள். "பின் போடலன்னாரு. நான் போயி கதவ சாத்திட்டு வந்தேன்."

அவன் சாவியைக் கைமாற்றினான். பிறகு, அழுகையை அடக்குகிறவர்களுக்கே வரும் அவசரப் புத்திசாலித்தனத்தோடு, "கதவு இல்ல அண்ணி. பின்பக்கம் போற கியரு. ரிவர்ஸ் போட்டு நிறுத்தலன்னு சொல்லியிருக்காரு. அவ்வளவுதானே, நான் போட்டுக்கறேன்" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

கதவு இல்லையென்றால், அவள் எதற்காக எழுந்து போனாள்?

முன்னறைக்கு வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். வெளியே செங்கல்லை உருவும் சத்தம் கேட்டது. ஒன்று. இன்னொன்று. அக்கா அவள் பக்கம் சாய்ந்து, "காதோரம் என்னடி இவ்வளவு கருப்பு? மையா?" என்று காதில் கேட்டாள்.

தொட்டுப் பார்த்தாள். விரலில் கிரீஸ்.

ஊசியை உருவினாள். கொண்டை ஊசிக்கு இரண்டு காலும் ஒரே நீளம். இதற்கு ஒன்று கட்டை, ஒன்று நெட்டை. தலையில் ஒரு வட்டக் கண். கியர் தண்டின் அடிமுனையை, கியர்பெட்டிக்குப் போகும் கம்பியோடு சேர்த்துப் பிடிப்பது இத்துனூண்டு பின்தான். அது இல்லாவிட்டால் மேலே நீ தண்டைப் பிடித்துச் சாமியாடினாலும் கீழே பெட்டிக்குத் தெரியாது, எதில் இருந்ததோ அதிலேயே இருக்கும் என்று இருபது நாள் அவர் சொன்னதை, இருபது நாளும் அவள் காதில் வாங்காமல் கேட்டிருந்தாள். எல்லாம் அப்படியே உள்ளே இருந்திருக்கிறது. வரிசையாக வந்தது.

வெளியே என்ஜின் உறுமியது.

அவள் எழுந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துக்க வீட்டில் பெண்டாட்டி எழுந்து ஓடுவது சகஜம். கத்த வாய் திறந்தாள், காற்றுதான் வந்தது. செருப்பில்லாமல் வாசலைத் தாண்டி, ஜன்னலுக்கும் வண்டிக்கும் நடுவே போய் நின்றாள். முதுகுக்குப் பின்னால் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் அவர். அவரைச் சுற்றிப் பதினைந்து பேர். ஐஸ் கழுத்தை முழுக்கத் திருப்பிப் பின்னால் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் போகிறவன் வேறு எங்கே பார்ப்பான்?

கைப்பிரேக்கை இறக்கினான்.

வண்டி ஒன்றாவது கியரிலேயே முன்னால் பாய்ந்தது. அவளால் நகர முடியவில்லை. நகர வேண்டும் என்று கால்களுக்குச் சொன்னாள். அவளுக்கும் கால்களுக்கும் நடுவிலிருந்த பின்னையும் யாரோ கழற்றியிருந்தார்கள். இரண்டு உருண்டை விளக்குகள் தட்டு அளவாகி, தாம்பாளம் அளவாகி, அவன் திரும்பிப் பார்த்து மிதித்த பிரேக்கில் அலறிக்கொண்டு நின்றபோது, பம்பரின் சூடு அவள் முழங்காலில் உறைத்தது. நடுவே ஒரு தீக்குச்சி நுழையலாம். தீப்பெட்டி நுழையாது.

என்ஜின் தானாகவே நின்றது. ஐஸ் கதவைத் திறந்து இறங்கி, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் கையை நீட்டிக் காட்டினாள்.

"இது எங்க கெடந்துச்சு அண்ணி?"

"என் தலையில."

அவன் அதை வாங்கிக்கொண்டான். உள்ளே யாரோ ஜன்னல் திரையை இழுத்து மூடினார்கள்.

"அப்ப இதத்தான் சொன்னாரு" என்றான் ஐஸ். "யாராவது வண்டிய எடுத்துடப் போறாங்கன்னு."

அவள் செங்கற்களைத் தானே தூக்கிவந்து சக்கரத்துக்கு முன்னால் வைத்தாள். அவன் அடியில் படுத்துக் கால் மணி நேரத்தில் பின்னைப் போட்டு, இரண்டு காலையும் விரித்து மடக்கினான். அதுவரை அவள் வண்டியின் முகத்தில் கை வைத்தபடியே நின்றாள், மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல. பிறகு வண்டி பின்னாலேயே, ஒரு முனகல் இல்லாமல், வெண்ணெயாக ஏறிச் சாலைக்குப் போனது. மூன்று மணிக்கு ஊர்தி இறங்கியது. அவர் ஏறினார்.

சாயங்காலம் எல்லோரும் திரும்பி வந்து, காபி குடித்து, ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஐஸ் சிவப்பு வண்டியைப் பழைய இடத்தில் விட்டுவிட்டுப் போனான். அவள் கட்டில் விரிப்பைச் சுருட்டி, காலையில் துடைத்த ஈரத்துணியையும் சேர்த்து, துவைக்கப் போடக் குளியலறைக்கு எடுத்துப் போனாள். விளக்கைப் போட்டாள். வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே, பழைய பேப்பர் விரித்து, சார்ஜில் போட்ட நேரமாக முந்தின நாள் தேதியும் மாலை ஆறு மணி என்பதும் கணவரின் கையெழுத்தில் சீட்டாக ஒட்டி, சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர் மாட்டி, பச்சை விளக்கு எரியச் சார்ஜில் இருந்தது, அந்த வண்டிக்கு இருந்த ஒரே பேட்டரி.