இடது முன்சக்கரத்தில் ஒரு கிளிப்

1

இந்தக் கதையை நான் எழுத உட்கார்ந்ததே ஒருவரைத் திட்டுவதற்காகத்தான். அதை மறைத்துவிட்டு ஆரம்பித்தால், பிறகு நான் சொல்லும் எதையும் நீங்கள் நம்பக்கூடாது. பெயர் போடாமல், ஆனால் படித்தால் அவருக்கு மட்டும் சுருக்கென்று தைக்கிற மாதிரி, ஒரு மெக்கானிக்கை எழுதிக் கிழிக்க வேண்டும். அன்று எழுதிய முதல் வரி:

பொறுப்பில்லாத ஒரு மனிதனை நம்பி உயிரைக் கொடுத்துவிட்டு நாம்

அதோடு நிற்கிறது. அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

2

நடந்தது இதுதான். என் அக்காவுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபிக்கு நான்தான் காரில் அழைத்துப் போவேன். வண்டி பழசு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்சீட்டிலிருந்து குரல் வரும்: "டேய், நீ வண்டி ஓட்டுறியா, இல்ல என்னைப் போட்டுச் சலிக்கிறியா?"

அதனால் முன்பக்க ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் எல்லாவற்றையும் மாற்றக் கொடுத்தேன். பின்பக்கத்துச் சாமான் வர நாளாகும் என்றார்கள். பட்டறையை நடத்துவது ஒரு கணவனும் மனைவியும். சக்கரமும் சஸ்பென்ஷனும் அவர் பொறுப்பு. ஒயரிங்கும் ஸ்கேனரும் அந்த அம்மாள் பொறுப்பு. நான் அவர்களை அண்ணன், அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். தெருவில் அவருக்குக் 'கைராசி' என்று பெயர்.

மூன்று நாள் வண்டி மெத்தை மாதிரி ஓடியது. நான்காம் நாள் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு மஞ்சளாக எரிந்து அணைந்தது. ஆஸ்பத்திரி வாசலில் திரும்பும்போது பிரேக்கை மிதித்தேன். பெடல் கடகடவென்று காலை உதைத்தது. வண்டி நிற்காமல் நழுவியது. எதிரே ஒரு பெண் தன் அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனாள். ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது. அவள் திட்டவில்லை. நாற்காலியை இறுகப் பிடித்தபடி குனிந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

(* தெரியாதவர்களுக்கு: ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சென்சார் இருக்கிறது. சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். பிரேக் பிடிக்கும்போது ஏதாவது சக்கரம் சுற்றாமல் இறுகிவிட்டால், வண்டி வழுக்காமல் இருக்க, ஏபிஎஸ் அந்தப் பிடியை விட்டு விட்டுப் பிடிக்கும். சுற்றுகிற சக்கரத்தையே 'நின்றுவிட்டது' என்று சென்சார் பொய் சொன்னால், பிடிக்க வேண்டிய நேரத்தில் விட்டுவிடும். இதெல்லாம் அண்ணி எனக்குச் சொல்லித் தந்தது. பிழை இருந்தால் என்னுடையது.)

3

பட்டறைக்குத் திரும்பப் போனதை இரண்டாவது பிரதியில் இப்படி எழுதினேன்: 'நான் கத்தக் கத்த அவர் பேன்ட் பாக்கெட்டில் கைகளை விட்டபடி திமிராக நின்றார்.' நான் எழுதும் பாத்திரம் அவர்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது இங்கேதான். கத்தினேன், அது உண்மை. பாக்கெட்டில் கை இருந்தது, அதுவும் உண்மை. 'திமிராக' என்பது மட்டும் நான் சேர்த்தது.

"எல்லாத்தையும் டைட் பண்ணித்தானே கொடுத்தேன் தம்பி" என்றார் அவர். குரல் எழும்பவில்லை.

அண்ணி குறுக்கே வந்தாள். "கத்துறத அப்புறம் கத்துங்க. அது எப்ப ஆச்சு? நேராப் போகும்போதா, திரும்பும்போதா?"

யோசித்துத்தான் பதில் சொல்ல முடிந்தது. "திரும்பும்போது."

4

ஸ்கேனரைச் செருகினாள். இடது முன்சக்கரம், சிக்னல் அறுந்திருக்கிறது என்று காட்டியது. ஜாக்கி போட்டுத் தூக்கி, சென்சார் முனையைத் துடைத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினாள். சிக்னல் ஒழுங்காக வந்தது.

"பாத்தியா? சென்சார் பழசு. மாத்திட்டாப் போச்சு" என்றார் கைராசி.

"என்ன கோளாறுன்னு தெரியாம எதை மாத்துறது?"

அண்ணி என்னை ஓட்டச் சொல்லி, ஸ்கேனரை மடியில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் மெதுவாகப் போனோம். திரையில் நான்கு சக்கரத்துக்கும் நான்கு எண்கள். நேராகப் போகும்போது நான்கும் ஒன்றுபோல இருந்தன.

"வலது பக்கம் முழுசா ஒடிங்க."

ஒடித்தேன். மூன்று எண்கள் இருந்தன. இடது முன்சக்கரம் பூஜ்யம்.

"நேராக்குங்க." எண் வந்தது. "ஒடிங்க." போனது.

அவள் சிரித்தாள். கோளாறு பிடிபட்ட சிரிப்பு. பட்டறைக்குத் திரும்பி, ஒடித்த சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தாள். சென்சார் ஒயர் கொடிக்கயிறு மாதிரி விறைத்திருந்தது. அதைப் புது ஷாக் அப்சார்பரோடு பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் கிளிப், ஓட்டையில் சரியாக உட்காராமல் கழன்று தொங்கியது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒயர் இழுபட்டு, மேல்தோல் அப்படியே இருக்க உள்ளே கம்பி இற்றுப்போயிருந்தது.

5

இந்தப் பகுதியை எழுதலாமா என்று அவர்களிடம் கேட்டேன். எழுதச் சொன்னது அவர்தான்.

அண்ணி ஒரு புதுக் கிளிப்பை எடுத்து நீட்டினாள். "இங்க வாங்க. இத மாட்டுங்க."

அவர் அழுத்தினார், கையை எடுத்தார்.

"மாட்டிடுச்சா?"

"மாட்டிடுச்சு."

அவள் விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். கிளிப் கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுக்கப் பார்த்தார். தரையில் கிடந்ததை விரல்கள் தடவின, பற்றவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எத்தனை நாளா?"

"என்ன எத்தனை நாளா?"

"விரல்ல உணர்ச்சி இல்லாம எத்தனை நாளா?"

அவர் கையை மறுபடி பாக்கெட்டுக்குள் விடப்போனார். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விரல் நுனிகள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தன. இருபத்திரண்டு வருஷம் நட்டுக் கழற்றும் ஏர் கன்னைப் பிடித்து அதிர்ந்த கை.

"எட்டு மாசம் இருக்கும்" என்றார்.

"சட்டைப் பட்டனை நான் போட்டுவிடுறேன்னு சொன்னதுக்கு அன்னிக்கு என்மேல எரிஞ்சு விழுந்தீங்களே. இதுக்குத்தானா?"

"சொன்னா வேலைய நிறுத்தச் சொல்லுவ."

"சொல்லத்தான் செய்வேன். அதுக்காக?" அவள் மணிக்கட்டை விடவில்லை.

அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, தப்பு என்னுதுதான். அங்க யாரையாவது இடிச்சிருந்தா..."

நான் வீட்டிலிருந்து தயார் செய்துகொண்டு போன வசவுகளில் மிச்சமிருந்ததை அங்கேயே விட்டுவிட்டேன்.

[இந்த இடத்தில் அவர் விரலையும் அந்த ஒயரையும் ஒப்பிட்டு அழகான ஒரு பத்தி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவர் ஒயர் இல்லை.]

6

அண்ணி ஒயரோடு புது சென்சாரை மாட்டி, கிளிப்புகளை அவளே பொருத்தினாள். இரண்டு பக்கமும் பத்துப் பத்து தடவை ஒடித்துப் பார்த்தோம். எண் போகவில்லை, விளக்கு எரியவில்லை. வண்டியின் கதை அங்கே முடிந்தது.

அவர் டாக்டரிடம் போனார். ஏர் கன்னை இனித் தொடக்கூடாது என்றாராம். உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.

நேற்று போன் செய்தார். "தம்பி, பின்பக்கச் சாமான் வந்திருக்கு. ஏர் கன் இல்லாம ஸ்பானர்லயே நான் மாட்டுறேன். ஒவ்வொண்ணையும் அவ தொட்டுப் பாத்த பிறகுதான் வண்டி வெளிய வரும். மனசு ஒப்பலைன்னா சாமானை வேற பட்டறைக்குக் கொடுத்துவிடுறேன். கோவிச்சுக்க மாட்டேன்."

இந்தக் கதைக்கு ஒரு முடிவு: வண்டியை அவரிடமே கொடுத்தேன், எல்லாம் நன்றாக நடந்தது. இது எனக்குத் தித்திக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை. இன்னொரு முடிவு: வேறு பட்டறைக்குப் போனேன். என் வண்டி அந்தத் தெருவைக் கடக்கும்போது அவர் தலைநிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேலையில் குனிகிறார். இதை எழுதவே கை வரவில்லை.

அக்காவைக் கேட்டேன்.

"முதுகு என்னுது, அதனால சரின்னு சொல்லிடுவேன்" என்றாள். "ஆனா பிரேக் எனக்கு மட்டுமா? ரோட்டுல போற அத்தனை பேருக்கும்தானே?" பிறகு, "அந்த மனுஷன் இனிமே என்ன பண்ணுவாருடா?" என்றாள்.

பதில் சொல்ல அவரிடம் இன்று மாலைவரை நேரம் கேட்டிருக்கிறேன். போனில் 'அண்ணா' என்று மட்டும் அடித்து வைத்திருக்கிறேன். கார் உங்களுடையது, பின்சீட்டில் உங்கள் அக்கா, மறுமுனையில் காத்திருப்பது உங்களுக்குத் தெரிந்த மனிதர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வார்த்தையை நீங்கள் அடியுங்கள்.