கார் நிறுத்துமிடத்தில் விரித்த மிதவை

பாதுகாப்பு அதிகாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கால்வாயில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, எண்ணெயை மறிக்கும் இரண்டு ஆரஞ்சு மிதவைகளின் முனைகளைச் சேர்க்கப் பார்த்தாள். பழையதற்குக் கொக்கி, புதியதற்குத் தகடு. தலைகீழாக நின்றாலும் சேராது. நடுவிலிருந்த ஒரு முழ இடைவெளியில், கம்பெனி டாங்கியிலிருந்து கசிந்த எண்ணெய் ராஜநடை போட்டுக்கொண்டிருந்தது. அரை மைல் தள்ளி ஊருக்குக் குடிதண்ணீர் இறைக்கும் பம்பு.

"போன வருஷ ஒத்திகையில சேர்ந்துச்சே மேடம்?" என்றார் கரையில் நின்ற ஸ்டோர்கீப்பர்.

"எங்க சேர்ந்துச்சு? கார் நிறுத்துற இடத்துல ஒட்டி ஒட்டி வச்சு போட்டோதானே எடுத்தோம்!"

அதுதான் அங்கே வழக்கம். தண்ணீரில் இறக்கினால் கழுவிக் காயவைக்க மூன்று நாளாகுமாம். அதனால் ஒத்திகை எல்லாம் சிமெண்டுத் தரையில். மாடியிலிருந்து எடுத்த படத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வேறு. வெட்கங்கெட்ட பாராட்டு!

கயிற்றால் கட்டிப் பார்த்தார்கள். எண்ணெய் கேட்குமா? அடியில் நுழைந்து போனது.

மேனேஜர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "வெளியே மூச்சு விடாதீங்க. நாமளே சமாளிச்சுக்கலாம்."

"எதை வச்சு சார்? போட்டோவை வச்சா?"

கரையேறி, ஈரக் கையோடு போனை எடுத்தாள். பம்பு ஆபரேட்டர் அவளுடைய அக்கா புருஷன்.

"அத்தான், மோட்டாரை நிறுத்துங்க. எண்ணெய் வருது."

"தொட்டி பாதிதானேம்மா நிரம்பியிருக்கு..."

"நிறுத்துங்க அத்தான்!"

நிறுத்தினார். பத்தே நிமிடத்தில் பம்பு வாயில் எண்ணெய்ப் படலம் வந்து நின்றது.

மதியம் மேனேஜர் அறிக்கையை அவள்முன் தள்ளினார். 'மிதவைகள் பன்னிரண்டு நிமிடத்தில் இணைக்கப்பட்டன.' கூடவே போன வருடப் படம். அவள் பேனாவைத் தொடவில்லை.

"என்ன யோசனை?" 'நீங்க' போய் 'நீ' வந்தது. "வாயைத் திறந்தா உனக்குத்தான் வம்பு. அந்த ஒத்திகைக்குக் கையெழுத்துப் போட்டது யாரு?"

சுருக்கென்றது. போட்டது அவள்தான். அவர்மேல் இருந்ததைவிட அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. அந்த வரியைக் காகிதம் கிழிய அடித்துவிட்டு எழுதினாள்: 'மிதவைகள் இணையவில்லை. போன வருடம் இணைத்துப் பார்க்கவே இல்லை. பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன்.'

கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். அதற்குப் பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்தாள்.

"இது உங்க இடம் சார்," என்று பேனாவை நீட்டினாள். "போன வருஷமும் எனக்குப் பக்கத்துலதான் போட்டீங்க."