நூற்று எழுபது கஜம்

அந்தப் பித்தளைத் தகட்டைப் பார்த்ததும் நடையை நிறுத்திவிட்டேன். மாமாவின் பந்து அதற்கு ஒரு சாண் தள்ளி நின்றிருந்தது. எத்தனையோ ஏக்கர் புல் விரிந்து கிடக்கிற மைதானத்தில் அந்தப் பந்துக்கு வேறு இடமே கிடைக்கவில்லை.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். கோல்ஃப் ஆட்டத்தில் பதினோரு வருடம் அவரை அசைக்க ஆள் இல்லை. போட்டிப் பட்டியலில் அவர் பெயர் இருந்தால், மற்றவர்கள் இரண்டாம் இடத்துக்குத்தான் அடித்துக்கொள்வார்கள். நினைத்த தூரத்தில் பந்தை இம்மி பிசகாமல் இறக்குவார் என்பதால் சக ஆட்டக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் ‘ஸ்கேல்’. நான் பதினான்கு வருடமாக அவர் பையைச் சுமப்பவன். தூரம் சொல்வது, மட்டை எடுத்துக் கொடுப்பது, பந்தைத் துடைப்பது, ஆட்டம் சரியில்லாத நாளில் திட்டு வாங்குவது எல்லாம் என் வேலை. இந்த வேலைக்குக் கேடி என்று பெயர். போலீஸ்காரர்கள் வேறு மாதிரி ஆட்களை அப்படிச் சொல்வார்கள். மூன்று வருடமாக எனக்கு இரண்டுமே பொருந்தும்.

தகட்டில் இருந்தது இவ்வளவுதான்: ‘இங்கிருந்து, நூற்று எழுபது கஜம், ஏழாம் நம்பர் மட்டை.’ மட்டையின் நம்பர் குறையக் குறையப் பந்து அதிக தூரம் போகும். பதினேழு வருடத்துக்கு முன்னால், மாமா இதே பதினெட்டாவது குழியில், இங்கே நின்று அடித்துத்தான் குளத்தைத் தாண்டிக் கொடிக்குப் பக்கத்தில் பந்தை நிறுத்தினார். அன்று வாங்கிய கோப்பை வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. கடைசி நாள் ஆட்டத்தில் கொடியை அன்றைக்கு இருந்த அதே இடத்தில் நடுவது இந்த மைதானத்தின் வழக்கம். ஆக, தகடும் மாறவில்லை, கொடியும் மாறவில்லை, குளமும் வற்றவில்லை. மாறியது மனிதர்தான். அது ஊருக்கெல்லாம் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நான்.

வருடத்தின் கடைசிப் போட்டி இது. ஆண்டுப் பட்டியலில் முதல் நூறு பேருக்குத்தான் அடுத்த வருடம் ஆட உரிமை. கார்டு என்போம். கார்டு போனால், மீசை முளைக்காத பிள்ளைகளோடு வரிசையில் நின்று தகுதிச் சுற்று ஆட வேண்டும். பதினேழாவது குழி முடிந்ததும் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இந்தக் குழியை நாலு அடியில் முடித்தால் மாமா நூறாவது ஆள். ஐந்து ஆனால் நூற்று மூன்றாவது. முதல் அடி முடிந்துவிட்டது. இரண்டாவது அடி குளத்தைத் தாண்டினால் போதும், மிச்சம் இரண்டு அடியில் பந்தைக் குழிக்குள் தள்ளிவிடுவார்.

“பாத்தியா மாப்ளே?” என்றார் மாமா. தகட்டைக் காலால் லேசாகத் தட்டினார். “பதினேழு வருஷம் கழிச்சும் அதே இடம். என்னைக் கிழவன்னு எழுதினானே ஒருத்தன், அவன் எங்க?”

முதல் அடி அடிக்கிற இடத்தை இன்றைக்கு முப்பது கஜம் முன்னால் தள்ளிப் போட்டிருந்தார்கள். காலையில் கொடுத்த தாளில் இருந்தது. அவர் அதைப் படிக்க மாட்டார். நான் படித்துச் சொல்லவில்லை.

இதெல்லாம் ஒரு தவறில்தான் ஆரம்பித்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் மாமா தொடர்ந்து ஏழு போட்டிகளில் பாதியிலேயே வெளியேறியிருந்தார். ஒவ்வொரு பந்தும் கொடிக்கு முன்னாலேயே விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தால் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அக்கா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே நிற்பாள். “அவர் மனசு ஒடிஞ்சுடாம பாத்துக்கோடா, உன்னை நம்பித்தான் அனுப்பறேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த போட்டியில், மழையில், தூரங்களை எழுதி வைத்திருக்கும் நோட்டுப் புத்தகத்தில் பக்கம் மாறிப் படித்துவிட்டேன். நூற்று நாற்பத்தைந்து கஜத்தை நூற்று அறுபது என்று சொல்லிவிட்டேன். மாமா தன் பழைய கணக்குப்படி எட்டாம் நம்பரை எடுத்து அடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கூட்டம் கைதட்டியது. பந்து குழிக்கு இரண்டு முழத்தில் நின்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குறி தப்பவில்லை, பழக்கம் கெடவில்லை, மனிதரிடம் பலம்தான் பதினைந்து கஜம் குறைந்திருந்தது. அதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பூனைக்கு மணி கட்டுகிற தைரியம் எனக்கு இல்லை. கைதட்டலைக் கேட்டு அவர் முகம் மலர்ந்ததை ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். அந்தப் போட்டியில் மூன்றாவதாக வந்தார். அந்தப் புகைப்படத்தைச் சட்டம் போட்டுக் கட்டிலுக்கு எதிரே மாட்டினார். அன்றிலிருந்து நானும் கூட்டிச் சொல்ல ஆரம்பித்தேன்.

ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டும் என்பது சும்மா இல்லை. பயிற்சி மைதானத்தில் தூரப் பலகைகள் இருக்கும். அங்கே பந்து முன்னால் விழுந்தால், “பயிற்சிப் பந்து செத்த பந்து மாமா, பறக்காது” என்பேன். அது பாதி உண்மை, அதனால் சௌகரியம். எதிரி எந்த மட்டையை எடுத்தான் என்று பைக்குள் எட்டிப் பார்ப்பது இந்த ஆட்டத்தில் எல்லோரும் செய்கிற காரியம். மாமா எடுத்த நம்பரைப் பார்த்து அவர்கள் குழம்பி ஏதாவது கேட்டுவிடக் கூடாதே என்று எங்கள் பையைத் துண்டு போட்டு மூடிவிடுவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் என்றால், மூன்று வருடம் மறைத்தேன். இந்தப் பித்தளைத் தகட்டை மறைக்க என்னிடம் துண்டு இல்லை.

“ஏழாம் நம்பரைக் குடு” என்றார் மாமா.

“ஒரு நிமிஷம் மாமா. எதிர்க்காத்து இருக்கு.”

அவர் குனிந்து கொஞ்சம் புல்லைக் கிள்ளி மேலே விட்டார். அது நேராக இறங்கி அவர் ஷூவின் மேலேயே விழுந்தது.

“எங்க காத்து?”

“புல்லு ஈரமா இருக்கு. பந்து கொஞ்சம் கனமாத்தான் போகும். அஞ்சு எடுத்தா சேஃப்.”

“ரெண்டு நம்பர் தள்ளியா? எழுதி வச்சிருக்கான்ல, நூத்தி எழுபது, ஏழுன்னு. அடிச்சவனே நான்தான். நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கற?”

நடுவர் பத்தடி தள்ளி நின்று கடிகாரத்தைக் கையில் எடுத்தார். எங்களோடு ஆடிய இளைஞன் ஏற்கெனவே அடித்துவிட்டு ஒதுங்கி நின்றான். “நாப்பது செகண்ட், சார்” என்றார் நடுவர். அதற்குள் அடிக்காவிட்டால் தண்டனையாக ஒரு அடி கூடும். ஒரு அடி கூடினால் கார்டு போச்சு.

சொன்னால் என் அக்கா புருஷனை இழப்பேன், சொல்லாவிட்டால் அவர் கார்டை இழப்பார் என்று அந்த நேரத்தில் தோன்றியது. பயத்தில் கணக்குக்கூட ஒழுங்காகப் போட வரவில்லை.

“மாமா, உங்க ஏழு இப்ப நூத்தி எழுபது போகாது. நூத்தம்பத்தஞ்சுதான் போகும். தண்ணியைத் தாண்டவே நூத்தி அறுபத்திரண்டு வேணும்.”

“என்ன உளர்ற? காலையில பத்தாவது குழியில ஏழுலதான அடிச்சேன். நூத்தி அறுபத்தெட்டுன்னு நீதான சொன்ன?”

“நூத்தம்பத்திமூணு மாமா. நான் கூட்டிச் சொன்னேன்.”

அவர் கண் சிமிட்டாமல் பார்த்தார்.

“நேத்து?”

“நேத்தும்தான்.”

“எப்பலேர்ந்து?”

“மூணு வருஷமா.”

“முப்பது செகண்ட்” என்றார் நடுவர்.

“அந்த மழை நாள்ல மூணாவதா வந்தேனே. எட்டாம் நம்பர்ல குழிகிட்ட போட்டேனே.”

“அதுவும்தான் மாமா. அதுலதான் ஆரம்பிச்சுது.”

மாமாவின் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அது வந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டுப் போன பிறகு ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பார்ப்பவர் மாதிரி, அவர் ஒவ்வொரு ஆட்டமாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க அக்காவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அவர் பையின் மேலிருந்த துண்டை உருவித் தரையில் போட்டார். ஏழாம் நம்பரின் தலையைப் பிடித்து இழுத்தார். நான் மட்டையின் தண்டைப் பிடித்துக்கொண்டேன். பதினான்கு வருடத்தில் அவர் கேட்ட மட்டையை நான் தராமல் இருந்ததில்லை.

“மாமா, கெஞ்சிக் கேக்கறேன். அஞ்சு எடுங்க. கார்டு போயிடும்.”

“விடு.”

“அக்காவுக்காக.”

“விடுடா. நீயும் சொல்லாம, அவளும் சொல்லாம, நான் யார்கிட்ட போய்த் தெரிஞ்சுக்கறது?”

“பத்து செகண்ட்.”

விட்டுவிட்டேன். மாமா பந்துக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு முறை கொடியைப் பார்த்தார். பிறகு அடித்தார்.

மூன்று வருடத்தில் அவ்வளவு சுத்தமான அடியை நான் கேட்டதில்லை. சத்தத்திலேயே தெரிந்தது, மட்டையின் சரியான இடத்தில் பட்டிருக்கிறது என்று. பந்து கொடிக்கு நேராக, நூல் பிடித்த மாதிரி, உயரமாகப் போனது. இளைஞன் வாயைத் திறந்துகொண்டு பார்த்தான். ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நான்தான் இத்தனை நாளும் தப்பாக அளந்துவிட்டேனோ என்று. சாமி, நான் முட்டாளாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பந்து கரைக்கு ஏழு கஜம் முன்னால் தண்ணீரில் விழுந்தது.

தண்ணீரில் வட்டம் பெரிதாகிக் கரையைத் தொடும்வரை மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

“இன்னொரு பந்து. அஞ்சாம் நம்பர்.”

தண்ணீரில் போட்டதற்கு ஒரு அடி தண்டனை. அதே இடத்திலிருந்து அடிக்க வேண்டும், இது நாலாவது அடி. கார்டு போய்விட்டது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

“தூரம்?” என்று கேட்டார். தகடு காலடியிலேயே இருந்தது. ஆனாலும் கேட்டார்.

“நூத்தி எழுபது” என்றேன்.

ஐந்தாம் நம்பரால் அடித்தார். பந்து குளத்தைத் தாண்டி, ஒரு முறை குதித்து, குழிக்கு ஒரு முழத்தில் நின்றது. அந்த இளைஞன் தன்னை மறந்து கைதட்டினான், பிறகு சங்கடப்பட்டு நிறுத்திக்கொண்டான். முதலிலேயே அதை எடுத்திருந்தால், மூன்றே அடியில் முடித்திருப்பார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் நடந்தபோது யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

கணக்குக் கொடுக்கிற அறையில் மாமா தன் அடிகளை இரண்டு தடவை கூட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். நூற்று மூன்றாவது இடம். வெளியே ஒரு பத்திரிகைக்காரர் என் காதில் விழும்படியே, “யானை படுத்தாலும் குதிரை மட்டம்பாங்க, இங்க படுத்தது படுத்ததுதான்” என்றார். அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். மாமா என் தோளைத் தொட்டதால் விட்டேன்.

அக்காவிடமிருந்து போன் வந்தது. நான் எடுக்கப் போனேன், மாமா வாங்கிக்கொண்டார். “போயிடுச்சு” என்றார். பிறகு நெடுநேரம் அவள் பேசுவதைக் கேட்டார். “அழாத. வீட்டுக்கு வந்து சண்டை போடறேன்” என்று வைத்துவிட்டார்.

“வண்டியிலேர்ந்து சக்கரத்தை எடுத்துட்டு வா” என்றார் என்னிடம்.

மைதானங்களை அளக்க நான் உருட்டிக்கொண்டு போகிற அளவுச் சக்கரம் அது. பயிற்சி மைதானத்துக்குப் போனோம். வெயில் சாய்ந்திருந்தது, வேறு யாரும் இல்லை. வாடகைப் பந்துக் கூடையை ஒதுக்கிவிட்டு, பையிலிருந்த புதுப் பந்துகளைக் கீழே கொட்டினார். என் நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் கேட்டு வாங்கி, வெற்றுப் பக்கமாகப் புரட்டி வைத்துக்கொண்டார்.

“ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ” என்றார். “அந்த ஏழாம் நம்பரை எடுத்தது நான். அந்தப் பழி உனக்கு வேண்டாம். ஆனா மூணு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தா, இன்னிக்கு அதை அடிச்சுப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்னு எனக்கு வந்திருக்காது.”

தலையை ஆட்டினேன்.

“அடுத்த மாசம் தகுதிச் சுத்து. அந்தப் பசங்களோட நிக்கப்போறேன். போ, அங்க போய் நில்லு.”

ஏழாம் நம்பரால் பத்துப் பந்து அடித்தார். எல்லாம் ஒரு பாய் அகலத்துக்குள் விழுந்தன. நான் சக்கரத்தை அவர் காலடியிலிருந்து உருட்டிக்கொண்டு போய், பந்துகளின் நடுவில் நிறுத்தி, குனிந்து எண்ணைப் பார்த்தேன். நூற்று ஐம்பத்தொன்று. நான் நினைத்திருந்ததிலும் நாலு குறைவு.

நாள் முழுக்க ஆடிய களைப்பு, அதனால்தான் என்று நினைத்தேன். நாலு கஜம்தானே என்றும் நினைத்தேன். நூத்தம்பத்தஞ்சு என்ற சொல் என் வாய் வரைக்கும் வந்து நின்றது. தூரத்தில் மாமா பென்சிலைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தார்.

“நூத்தம்பத்தொண்ணு!” என்று கத்தினேன்.

அவர் கையைக் காதுக்கு வைத்து, “என்ன?” என்றார்.

“நூத்தம்பத்தொண்ணு மாமா!”

எழுதிக்கொண்டார். பிறகு குனிந்து பையிலிருந்து ஆறாம் நம்பரை எடுத்தார்.