வெள்ளைக் கட்டத்தில் பூநண்டு

...வரும், வராமல் எங்கே போகும் என்றுதான் ரஃபேல் காலையிலிருந்து தனக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறார், ஆனால் இல்லாத நண்டு எந்த வழியாக வரும்... வலை இறங்கிவிட்டது, படகு நகர்வதே தெரியாமல் இழுத்துக்கொண்டு போகிறது, பின்பக்கம் இரண்டு கயிறுகள் விறைத்து நிற்கின்றன, அவற்றின் முனையில், கடலடிச் சேற்றில், அவர் சொன்ன பொய் உருண்டு வந்துகொண்டிருக்கிறது, கொஞ்ச நேரத்தில் மேலே வந்துவிடும். எழுபது வயதுக்குள் எத்தனையோ சொல்லியிருக்கிறார், ஒன்றைக்கூட யாரும் வலை போட்டுத் தேடியதில்லை. அந்த ஓரத்தில் ஐனா டேப்லெட்டோடு நிற்கிறாள், கடலடியில் நண்டும் இறாலும் எங்கெங்கே எவ்வளவு கிடக்கின்றன என்று வரைபடம் போடுகிற பெண், கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, நிறைய இருந்தால் கரும்பச்சை, கொஞ்சமாக இருந்தால் இளம்பச்சை, இன்னும் பார்க்காத இடம் வெள்ளை... போன மாதம் தஞ்சோங் டாவாய்க்கு எதிரே ஒரே ஒரு கட்டம்தான் வெள்ளையாக மிச்சமிருந்தது, “அங்க யாருமே வலை போடுறதில்லையாம், விட்டுரலாம் அங்கிள், இந்தப் பக்கம் வேலை முடிஞ்ச மாதிரிதான்” என்று அவள் டேப்லெட்டை மூடப் போனாள், அவருடைய விரல் அவரைக் கேட்காமலே போய் அந்த வெள்ளையில் குந்திக்கொண்டது. “இங்கதான்மா பூநண்டு. குனுங் ஜெராய் மலை உச்சியும் தண்ணித் தொட்டியும் ஒரே கோட்டுல வரும் பாரு, அந்த எடம். நண்டு மேல நண்டு ஏறி நிக்கும், எடம் பத்தாம.” இங்கே பொய்க்கும் மலை அடையாளம் வைத்தால்தான் மரியாதை, வெறும் வாயால் சொன்னால் காப்பிக்கடையில்கூட எடுபடாது.

எதற்குச் சொன்னோம்? இன்னும் கொஞ்ச நாள் அவள் மாதம் ஒருமுறை வருவாள், அவ்வளவுதான்... இவர் புக்கிட் செலம்பாவ் தோட்டத்தில் பிறந்து, ரப்பர் பால் நாற்றம் பிடிக்காமல் கடற்கரைக்கு ஓடிவந்து, இந்த ஆற்றுமுகத்துப் படகுகளின் இஞ்சின் எல்லாவற்றையும் கழற்றி மாட்டியவர் என்று யாரோ சொல்ல, நண்டு கிடைக்கிற இடம் விசாரிக்க வந்தவள், அவரும் நல்ல இடங்களை நல்லபடியாகத்தான் காட்டினார், நடுநடுவே கொஞ்சம் உப்பும் போட்டார், இறால் ஒன்று இஞ்சின் ஆயிலைக் குடித்துவிட்டு விடியும்வரை தும்மிய கதையைச் சொன்னபோது அவள் சிரிக்கவே இல்லை, “ஆண் இறாலா, பொண்ணா அங்கிள்?” என்று கேட்டாள், அவருக்கு நெஞ்சுக்குள் ஏதோ தடுக்கி விழுந்தது, அப்படிக் கேட்ட ஆள் மனைவி மரியா ஒருத்திதான். மரியா போன பிறகு வீட்டில் பொய் சொல்ல ஆள் இல்லை, டிவியிடம் சொல்ல முடியுமா, அதுவே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது, ஜொகூரிலிருந்து மகள் மிஷெல் பேசினால் மருந்து சாப்பிட்டீங்களா டாடி என்கிறாள், அதற்கு நிஜத்தைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது... இன்று வலை காலியாக வந்தால் ஐனா ஒன்றும் சொல்லமாட்டாள், அதுதான் பயம், ஒன்றும் சொல்லாமல் போய்விடுவாள், அப்புறம் கிழவன் சொன்ன நல்ல இடம்கூடக் கெட்ட இடம்தான், எதற்கு வருவாள்?

படகோட்டும் தெக்கோங் யஹ்யா சுக்கானைப் பிடித்தபடி திரும்பிப் பார்க்கிறான், படகு அவனுடையது, வாயும் அவனுடையது.

“என்னா ரஃபேல் அண்ணே, ஒன் ஜப்பான் கப்பல்ல என் வலை மாட்டுனா நீதான் குதிச்சு எடுக்கணும்லா.”

“கப்பல் இப்ப அங்க இல்லடா. சுனாமி அதப் பெர்லிஸ் பக்கம் தள்ளிட்டுப் போயிருச்சு.”

“யாரு பார்த்தா?”

“கப்பல்ல இருந்தவன்தான் சொன்னான்.”

அந்தக் கப்பலும் அவர் மிதக்கவிட்டு அவரே மூழ்கடித்ததுதான், முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில், காப்பி ஆறுவதற்குள், வலையைக் கிழிக்கும் இரும்பு, உள்ளே தங்கப்பல் கட்டிய தளபதி... அன்றைக்குச் சிரித்தார்கள், மறுநாளிலிருந்து இதே இடத்தில் ஒருத்தனும் வலை போடவில்லை.

விஞ்ச் உறுமுகிறது. கயிறு சுற்றிச் சுற்றி ஏறுகிறது, வலையின் அடிப்பை தண்ணீரை விட்டு எழும்புகிறது, கனமாக, ஐயோ சேறுதான், சேறாகத்தான் இருக்கும்... யஹ்யா முடிச்சை இழுத்ததும் தளமெல்லாம் நீலக் கால்கள், புள்ளி போட்ட ஓடுகள், கொடுக்கை உயர்த்திக்கொண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன, எடம் பத்தாமல். “மாக் ஓய்!” என்று யஹ்யா கயிற்றுக்கட்டின்மேல் தாவி ஏறினான். ரஃபேல் நண்டுகளுக்கு நடுவிலேயே நின்றார். முப்பது வருடம் யாரும் தொடாத இடம், நண்டு பெருகாமல் என்ன செய்யும், அந்தத் தளபதி காவல் காத்திருக்கிறான்... இதை யாரிடம் சொல்வது, வாழ்நாளில் முதல்முறையாக நிஜமாக ஓர் அதிசயம், சொன்னால் பொய் என்பார்கள்.

ஐனா கையுறையைப் போட்டுக்கொண்டு குந்தினாள், சினை நண்டுகளைத் தனியே எடுத்து, அளந்து, கடலில் விட்டாள்.

“காலியாத்தான் வரும்னு நெனச்சேன் அங்கிள். காலியா வந்தா இன்னும் ரெண்டு மாசம் வந்து இழுத்துப் பார்க்கணும், வலை புரண்டுகூட இருக்கலாம்ல, ஒடனே காலின்னு போட முடியாது. இப்ப ஒரே இழுப்புல முடிஞ்சிருச்சு. அடுத்த மாசத்துலேருந்து வேலை பேராக் பக்கம்.”

“ஓ... நல்லதும்மா.”

அவள் குரலில் இருந்தது சந்தோஷமா? நண்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், முகம் தெரியவில்லை. அவள் தொட்டதும் வெள்ளைக் கட்டம் கரும்பச்சையாகிவிட்டது, இனி விரல் போய் உட்கார அந்தத் திரையில் இடமே இல்லை... பேராக் என்றால் எவ்வளவு தூரம், அவள் வீடு அந்தப் பக்கமா, இல்லை இங்கேயே பெண்டாங்கா, செர்டாங்கா, அப்பா கடை வைத்திருக்கிறாரா, கூடப் பிறந்தவர்கள் உண்டா... இத்தனை மாதம் இஞ்சின் ஆயில் குடித்த இறாலைப் பற்றிப் பேசியிருக்கிறார், அவளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்போது கேட்கலாம், ஒரு வாய் வார்த்தைதானே, வீடு எந்தப் பக்கம்மா... ஆனால் அவள் அதையும் அவர் விடுகிற ஒரு கதையின் தொடக்கம் என்று எண்ணி, சிரிக்காமல், மிச்சத்தைக் கேட்கக் காத்துக்கொண்டிருந்தாளென்றால்?