செருப்பை வண்டியிலேயே விட்டுவிடுங்கள்

வண்டிக்காரர் பெண்டாட்டிக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் பதினோரு வருடமாக உலை கொதிப்பதே அந்த வாயால்தான். கணவர் வேன் ஓட்டுவார். அவள் முன்சீட்டுக்குப் பக்கத்தில் சாலைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, வந்தவர்களுக்குக் கடற்கரையைச் சுற்றியிருக்கும் பழைய மாதா கோவில்களையும் சிவன் கோவில்களையும் பற்றிச் சொல்லுவாள். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் உச்சிவேளைக்குள் நாலு இடம் பார்த்து முடித்துவிடலாம். அதற்குள் அவள் பேசித் தீர்ப்பதை வேறு யாராவது பேசினால் தொண்டை கட்டிக்கொள்ளும்.

அந்த வாய்க்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து, அரசாங்க அட்டை கழுத்தில் தொங்காத வழிகாட்டி எவரும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு இந்த இடங்களுக்குள் நுழையக் கூடாது. அட்டை வேண்டுமென்றால், ஓர் அதிகாரி கூடவே வண்டியில் வந்து காலை முழுவதும் கேட்டு மதிப்பெண் போடுவார். அவள் இரண்டு முறை தோற்றிருந்தாள். மூன்றாவது முறையும் போனால் மூன்று வருடத்துக்கு விண்ணப்பமே போட முடியாது.

"மூணு வருஷம் நான் என்ன பண்றது? உங்க பக்கத்துல உக்காந்து ஹாரன் அடிக்கவா?" என்று கணவரிடம் எரிந்து விழுந்தாள். அவர் பாவம், ஹாரனையே அதிகம் அடிக்காத மனிதர்.

இரண்டு முறையும் ஒரே காரணம்தான். துறை கொடுத்த நாற்பது பக்கப் புத்தகத்தில் இல்லாததைச் சொல்லிவிட்டாள். புயல் இரவுகளில் சிவன் கோவில் விளக்கைப் பார்த்துத்தான் மாதா கோவில் கட்டிய மாலுமிகள் கரை சேர்ந்தார்கள் என்று அவள் சொன்னபோது, அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு, "இதை யார் சொன்னது?" என்று கேட்டார்.

"எல்லாரும் சொல்றதுதான் சார்."

"எல்லாரும்னா யாரு?"

அவள் விரல்விட்டு எண்ணத் தொடங்குவதற்குள் அதிகாரி அந்தக் கட்டத்தில் சுழியம் போட்டுவிட்டார்.

ஆகவே இந்த முறை புத்தகத்தை வரி விடாமல் நெட்டுருப் போட்டாள். பாத்திரம் தேய்க்கும்போதும் துணி உலர்த்தும்போதும் அதே பாட்டு. கேட்டுக் கேட்டு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கோபுரத்தின் உயரத்தைச் சொல்லும் அளவுக்குக் கணவரே தேறிவிட்டார். போன தடவை அவள் பேசிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அலறியது நினைவுக்கு வந்து, "இன்னிக்கு அதை அணைச்சு வைங்க. என் கண்ணு முன்னாடி அணைங்க" என்று கட்டளையும் போட்டாள். அவர் அணைத்தார்.

வந்தவர்கள் எட்டுப் பேர், அதிகாரியோடு ஒன்பது. அதே அதிகாரிதான். தடித்த கண்ணாடி, மூடியே போடாத பேனா, முகம் பார்க்கிற மாதிரி மின்னும் கறுப்பு ஷூ. குடிக்கத் தண்ணீர் கொடுத்தால்கூட லஞ்சம் என்று நினைத்துவிடுவாரோ என்று அவளுக்குப் பயம்.

குன்றின் மேலுள்ள மாதா கோவிலும் ஆற்று முகத்துச் சிவன் கோவிலும் நன்றாகவே முடிந்தன. அவள் ஒப்பித்தாள், அதிகாரி கட்டத்துக்குக் கட்டம் குறி போட்டார், புது மாப்பிள்ளை ஒருவர் பெண்டாட்டி தோளில் சாய்ந்து குறட்டை விட்டார். ஒருவருக்கொருவர் நாத்தனார் முறையான இரண்டு பெண்கள் ஜோடியாக வந்திருந்தார்கள். பெரியவள் சின்னவள் காதில், "நல்லாத்தான் சொல்லுது இந்தப் பொண்ணு. ஆனா ரேடியோல செய்தி கேக்குற மாதிரி இருக்கு" என்றாள். அது வண்டிக்காரர் பெண்டாட்டி காதிலும் விழுந்தது. சுருக்கென்றது. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மூன்றாவது இடம் கரையோரத்து மாதா கோவில். கடைசி இடம் அதற்கு அடுத்துள்ள பெரிய சிவன் கோவில். நடந்தால் பத்து நிமிடம்தான், வேனுக்கு மட்டும் ஒருவழிப் பாதையில் சுற்று. மாதா கோவில் வாசலில் வண்டியை நிறுத்த விடமாட்டார்கள். அதனால் கணவர் ஆட்களை இறக்கிவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி இருபது நிமிடத்தில் திரும்பி வருவார். சிவன் கோவில் என்றால் கதை வேறு. அங்கே அவள், "செருப்பை வண்டியிலேயே விட்டுருங்க" என்பாள். அதைக் கேட்டதும் அவர் துறைமுகத்து மர நிழலுக்குப் போய், முக்கால் மணி நேரம் டீயும் பேப்பருமாக உட்கார்ந்துவிட்டு, கோவில் வாசலுக்கு வருவார். பதினோரு வருடமாக அவர் வண்டி ஓட்டுவது பாதி கண்ணால், பாதி அவள் பேச்சால்.

மாதா கோவில் வாசலில் வேன் நின்றது. அடுத்த பக்கத்தை மனதுக்குள் புரட்டிக்கொண்டே அவள் வாயைத் திறந்தாள்.

"செருப்பை வண்டியிலேயே விட்டுருங்க."

எல்லோரும் விட்டார்கள். அவளும் விட்டாள். அதிகாரி காலுறையை மடித்து ஷூவுக்குள் செருகிவைத்துவிட்டு இறங்கினார். கணவர் வண்டியைத் துறைமுகப் பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே சாவிக்காரர் நின்றிருந்தார். அந்தக் கோவிலின் கதவுகளும் மெழுகுவர்த்திப் பெட்டியும் அவர் பொறுப்பு. வந்தவர்களின் பாதங்களைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இன்னிக்கு எல்லாரும் ரொம்பப் பக்தியா வந்திருக்காங்க?" என்றார்.

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். அடுத்த கோவிலில் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லித் தொலைத்திருந்தாள். மணி பதினொன்று ஐந்து. வேன் வரப்போவது பதினொன்று ஐம்பதுக்கு, அதுவும் அடுத்த கோவிலுக்கு. பன்னிரண்டுக்கு அங்கே நடை சாத்திவிடுவார்கள். போன் செய்யலாம் என்றால், அணைக்கச் சொன்ன புண்ணியவதி அவளேதான். வெளியே தார் ரோடு கொதிக்கிறது. பக்கத்தில் அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார்.

அந்த நிமிடத்தில் நாற்பது பக்கமும் தலையிலிருந்து காணாமல் போயிற்று. கட்டிய வருடம் போச்சு, மணியின் எடை போச்சு.

"அம்மா, இங்க கப்பல் ஒண்ணு இருக்கு!" என்று சின்ன நாத்தனார் கத்தினாள். தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள். அதில் ஒன்றில் செதுக்கிய பாய்மரத்தை அவள் கால் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அது தேய்ந்திருந்தது. காலுக்கு மட்டும்தான் தெரிந்தது. உடனே ஆளாளுக்குத் தரையைக் காலால் தேட ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளைக்கு இப்போதுதான் தூக்கம் கலைந்தது. அவருக்கு ஒரு நங்கூரம் கிடைத்தது.

அவள் பீடத்தின் முன்னால் போய் நின்றாள். செருப்போடு ஆயிரம் முறை நின்ற இடம். இப்போது இரண்டு பாதமும் இரண்டு பள்ளத்தில் இறங்கின. வழவழவென்று, உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு குழி. இந்தப் பள்ளத்தை அவளுடைய கால்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

"எல்லாரும் வாங்க. இந்த இடத்துல ஒவ்வொருத்தரா நின்னு பாருங்க. எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்" என்றாள். ஒவ்வொருவராக நின்றார்கள். அதிகாரியும் நின்றார்.

"வண்டி எங்க?" என்று மட்டும் கேட்டார்.

"வண்டி வராது சார்" என்றாள். பொய் சொல்லித் தப்பிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. "நான்தான் இடம் மாத்திச் சொல்லிட்டேன். நடந்துதான் போகணும். ஆனா உங்க யார் காலும் சுடாம நான் கூட்டிட்டுப் போறேன்."

அது ஜம்பமில்லை. அந்தச் சந்துகளில் எந்த நேரத்தில் எந்தச் சுவர் நிழல் எதுவரை விழும் என்பது அவளுக்கு அத்துப்படி. சாவிக்காரர் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். அவர் வீட்டுக் கொல்லை வழியாகப் படகுத் தச்சர் கொட்டகைக்குள் போனார்கள். அங்கே தரையெல்லாம் இழைத்துப் போட்ட மரச்சுருள், மெத்தையில் நடப்பது போலிருந்தது. அடுத்தது ஐஸ் பேக்டரிச் சந்து. உருகிய தண்ணீர் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. நாத்தனார்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சின்னப் பிள்ளைகள் போல அதில் சளப்சளப்பென்று நடந்தார்கள். அதிகாரி பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டார். கடைசியில் இருபதடி வெயில். "ஓடுங்க!" என்றாள். ஓடினார்கள். அரசாங்கமும் ஓடியது.

கோவில் மதில் நிழலில் மூச்சு வாங்க நின்றபோது மணி பதினொன்று முப்பத்தைந்து.

கருவறைக்கு முன்னால் அவள் வழியை மறித்து நின்றாள். "இங்கயும் ஒவ்வொருத்தரா நில்லுங்க. காலை மெதுவா வைங்க."

பெரிய நாத்தனார் முதலில் நின்றாள். முகம் மாறியது. "அடியே, அதே குழிடீ!" என்றாள்.

அதே அகலம், அதே வழவழப்பு. அங்கே நின்று வேண்டிக்கொண்டவர்களும் இங்கே நின்று வேண்டிக்கொண்டவர்களும் ஒரே அளவுக்குக் கல்லைத் தேய்த்திருந்தார்கள். "கடலுக்குப் போனவன் திரும்பி வரணும்னு ரெண்டு இடத்துலயும் நின்னிருக்காங்க" என்றாள் அவள். "பதினோரு வருஷமா இங்க மட்டும்தான் எனக்குத் தெரியும். அங்க இருக்கறது இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

அதிகாரி கடைசியாக வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அந்தப் பழைய கேள்வியைக் கேட்டார்.

"புத்தகத்துல இது இல்லையே. யார் சொன்னது?"

"உங்க காலைக் கேளுங்க சார்" என்றாள். வாய் முந்திவிட்டது. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். போச்சு, மூன்று வருடம் ஹாரன்தான் என்று நினைத்தாள். ஆனால் ஆச்சரியம், வருத்தத்தைவிட அவளுக்கு நிம்மதிதான் அதிகமாக இருந்தது. அன்று காலையிலிருந்து முதல்முறையாகத் தன் வாயாலேயே பேசியிருந்தாள்.

அதிகாரி குனிந்து அந்தப் பள்ளத்தின் அகலத்தை விரலால் அளந்து பார்த்தார்.

சரியாகப் பதினொன்று ஐம்பதுக்கு வேன் வாசலுக்கு வந்தது. ஒன்பது ஜோடியும் அவளுடையதும் வரிசையாக உள்ளே இருந்தன. "எல்லாம் சரியாப் போச்சா?" என்று கணவர் சிரித்தபடி கேட்டார்.

"எங்களை எங்க இறக்கி விட்டீங்க?"

"கோவில்ல."

"எந்தக் கோவில்ல?"

அவர் கோபுரத்தைப் பார்த்தார், நனைந்த பேண்டோடு நின்ற அதிகாரியைப் பார்த்தார், மெல்ல முகம் வெளிறினார்.

அதிகாரி ஷூவைப் போடவில்லை. கையில் எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். "காலையில மொதல்ல பாத்தோமே, குன்று மேல. அந்தச் சர்ச்சுலயும் பள்ளம் இருக்குமா?"

தெரியாது என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. "தெரியாது சார். அங்கயும் நான் செருப்போடதான் போயிருக்கேன்."

"வண்டியைத் திருப்பச் சொல்லுங்க."

யாரும் பசிக்கிறது என்று சொல்லவில்லை. வேன் குன்றேறும்போது, குலுங்குகிற மடியில் காகிதத்தை வைத்து அதிகாரி கடைசிக் கட்டத்தில் குறி போட்டார், கீழே கையெழுத்துப் போட்டார், அவளிடம் நீட்டினார். தேர்ச்சி என்றிருந்ததை அவள் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு அதைக் கணவருக்கு எதிரே கண்ணாடியில் சாய்த்து வைத்தாள். அவர் கண் கலங்கியதில் வண்டி கொஞ்சம் ஆடியது.

குன்றின் மேல் மாதா கோவில் வாசலில் வேன் நின்றது. அவள் திரும்பி, எல்லோரையும் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"செருப்பை வண்டியிலேயே விட்டுருங்க."

கணவரின் கை தானாகக் கியருக்குப் போயிற்று.

"நீங்க இறங்குங்க" என்றாள். "உங்க செருப்பையும் கழட்டுங்க."