சுமையோடு ஏறும் வண்டி

நான்கு சக்கரமும் சேற்றில் சுழல்கின்றன, ஜீப் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, ஃபோர்வீல் போட்டும் இப்படியா என்று சன்னாசி ஸ்டீயரிங்கில் நெற்றியைச் சாய்க்கிறான், ஐம்பத்தெட்டு வயது, விடிந்ததிலிருந்து மழை, பின்னால் பாயில் சுற்றிய பவுன்ராஜின் உடல், காலையில் போடி ஆஸ்பத்திரியில் இறந்தவன், உடலருகில் அவன் மனைவி போதுமணி, இன்னும் நாலு கிலோமீட்டர், அவர்கள் ஊர்.

இதே மேடுதான், ஒன்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு பகல், இல்லை, இதோ இப்போது, பவுன்ராஜ் தன் ஜீப்பில் கூரைத்தகரம் ஏற்றிக்கொண்டு எதிரே வருகிறான், சன்னாசி சுற்றுலாக்காரர்களோடு இறங்குகிறான், சுமையோடு ஏறும் வண்டிக்குத்தான் வழி, இறங்குகிறவன் பின்னால் எடுக்க வேண்டும், அண்ணே, ரிவர்ஸ் எடுங்க என்கிறான் பவுன்ராஜ், நேரமில்லடா, நீ எடு என்கிறான் சன்னாசி, நேரம் இருந்தது, வண்டியில் இருந்தவர்கள் முன்னால் பின்வாங்க வெட்கம், அவ்வளவுதான், பவுன்ராஜ் எடுத்தான், விளிம்பு மண் சரிந்தது, ஜீப்பும் தகரங்களும் பள்ளத்தில் உருண்ட சத்தம் நெடுநேரம் கேட்டது, குதித்தவனின் முழங்கால் நொறுங்கிப் போனது, பிறகு அவன் ஜீப்பைத் தொடவில்லை, ஏலத்தோட்டக் காவலுக்கு நொண்டி நொண்டிப் போனான், சன்னாசி ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை, இன்று பார்க்கலாம் நாளை பார்க்கலாம் என்று ஒன்பது வருஷம்.

போதுமணி இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் கல் அடைக்கிறாள், நீ விடு தாயி என்று இவனும் இறங்கினான், மழையில் இரண்டு பேரும் குனிந்து கல் பொறுக்குகிறார்கள், பவுனு என்னயப் பத்தி எதுவும் சொன்னானா, கேட்டே விட்டான், அவள் நிமிரவில்லை, கடைசி வரைக்கும் உங்க மேல கோவந்தாண்ணே அவருக்கு, மழைக்கு வேற ஜீப்பு வரமாட்டேன்னுட்டாக, அதான் உங்களக் கூப்பிட்டேன்.

நியாயந்தான் தாயி, என்றான், சொன்னதும் உடம்பிலிருந்து ஏதோ இறங்கியது, மன்னிப்பு இல்லை, அதைவிடக் களைப்பான ஒன்று, இருவரும் ஏறிக்கொள்ள, ஜீப் கல்லைப் பற்றிக்கொண்டு ஏறியது.

ஊர் எல்லைக்கு மேல் ஒற்றையடிப் பாதைதான், உடலைத் தூக்க மூன்று பேர் காத்திருந்தார்கள், நாலாவது ஆள் வேண்டும், கால் மரத்துப்போன சன்னாசி மெல்ல இறங்கித் தலைமாட்டுப் பக்கம் போய் நின்றான், யாரும் வா என்று சொல்லவில்லை, போதுமணி அவனைப் பார்த்தாள், வேண்டாம் என்றும் சொல்லவில்லை, பவுன்ராஜின் கனம் தோளில் இறங்க, அவன் நடக்கத் தொடங்கினான்.